பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்

நாகர்கோவில் ஜங்ஷனிலோ இரணியலிலோ காலை வண்டி வந்து நின்றதும் இடம் பிடிக்க ஓடுகிறோம், சரி, ஏறுவதற்கு முன்னால் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை ஒருமுறை பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வருடம். 02 என்றால் 2002. பழைய ஐ.சி.எஃப் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டிக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஆயுள் 25 வருடம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பெட்டி பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் முதலில் பார்ப்பது வயதை அல்ல. பெட்டியின் முனைச் சுவரில் பி.ஓ.எச் தேதியும் ரிட்டர்ன் தேதியும் எழுதியிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கடைசியாக எப்போது முழுசாகப் பிரித்துச் சரிசெய்தார்கள், அடுத்து எப்போது அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. ஒழுங்காக ஒர்க்‌ஷாப் போய்வந்த 20 வயதுப் பெட்டியை நான் நம்புவேன்.

நம்ம மாவட்டத்தில் பெட்டிக்கு எமன் துருதான். கடல் காற்றில் உப்பு, மழையோ இரண்டு பருவத்திலும் உண்டு. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கக்கூஸுக்குக் கீழே இருக்கும் தகடு, வாசல் பக்கத் தரை, பக்கச் சுவர் உள்பக்கமாக வளையும் அடிப்பகுதி, இங்கெல்லாம் தண்ணீர் இறங்கித் தங்கி உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். பெயின்ட் குமிழ் விட்டிருந்தாலே சந்தேகப்பட வேண்டும், சுத்தியலால் தட்டினால் கெட்டுப்போன தகட்டின் சத்தமே வேறு. படிக்கட்டோ வாசல் கைப்பிடியோ ஆடினால் 139-க்குச் சொல்லுங்கள். வண்டி எண்ணை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை, நாளைக்கு அதே வண்டிக்கு வேறு ரேக் (பெட்டிகளின் தொகுப்பு) வரலாம், பெட்டி எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்.

சரி, இதெல்லாம் எப்போது மாறும்? பெரம்பூர் ஐ.சி.எஃப் இந்தப் பழைய டிசைனை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டது, அதற்குப் பிறகு வருவது எல்.எச்.பி என்ற புது வகைப் பெட்டி. ஆனால் 25 வருடக் கணக்குப்படி கடைசியாக வந்த பெட்டிக்கு 2043 வரை ஆயுள் இருக்கிறது. நெடுந்தூர வண்டிகள் ஒவ்வொன்றாக எல்.எச்.பி ஆக ஆக, அங்கே மிச்சமாகும் பழைய பெட்டிகள் பாசஞ்சர் வண்டிக்கு வந்துசேரும், அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு வருவதுபோல. 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் வந்தது, சந்தோஷம்தான். சீசன் டிக்கெட்டில் தினமும் திருவனந்தபுரம் போய் வருகிறவருக்கு அதில் ஏற வழியில்லையே!

நம்ம பாதைக்கு எல்.எச்.பி கேட்பதும் சரியான தீர்வு இல்லை என்பேன். வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை மேற்கு, பாறசாலை என்று சில கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். ஒரே இன்ஜின் மொத்த ரேக்கையும் இழுத்து வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். நமக்கு ஏற்றது மெமு, அதாவது தனி இன்ஜின் இல்லாமல் ஓடும் மின்சார ரயில். அதில் நாலு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி, அதனால் சட்டென்று வேகம் எடுக்கும், வாசல் அகலம், நிற்கவும் இடம் அதிகம். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டும் வேலையும் இல்லை, டிரைவர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். கொல்லம் – கன்னியாகுமரி மெமுவில் போனவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். சீட் கொஞ்சம் கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன்.

பயணிகள் சங்கத்திலிருந்து ரயில்வே கோட்ட மேலாளருக்கோ எம்.பி.க்கோ மனு கொடுக்கிறவர்கள் "புதுப் பெட்டி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். த்ரீ-ஃபேஸ் (புது வகை மின் மோட்டார் உள்ள) மெமு ரேக், எல்லா மோட்டார் பெட்டிகளும் சேர்த்து 12 பெட்டி, கழிப்பறை கட்டாயம் என்று எழுதுங்கள். எண்ணிக்கையைக் குறிப்பிடாவிட்டால் 8 பெட்டி ரேக் வந்துவிடும், அப்புறம் குழித்துறையில் ஏறுகிறவர் பாடு இப்போதையதைவிட மோசமாகும். மெமு ஷெட் (பராமரிப்புக் கூடம்) இருப்பது கொல்லத்தில், ரேக் கூடினால் அங்கே பராமரிப்பு இடமும் ஆட்களும் கூட வேண்டும், அதையும் அதே மனுவில் கேளுங்கள்.