தளம் போட்டவர் மறந்துவிடுகிறார், மரம் மறப்பதில்லை

வேலூரின் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பகுதிகளிலிருந்து வீட்டு மரம் காய்கிறது என்று என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாசலுக்கு எப்போது தளம் போட்டீர்கள் என்பதைத்தான். அது நடந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, அதற்குப் பிறகும் மரம் துளிர்த்தது, பூத்தது என்பார்கள். தளத்துக்கு அடியில் வேரை இழந்த மரம் உடனே சாவதில்லை. தண்டிலும் எஞ்சிய வேர்களிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பிறகு ஒரு கடுங்கோடையில் நுனிக்கிளைகளிலிருந்து காய்ந்து இறங்குகிறது. அதனால் பழி வெயில்மீதோ பூச்சிமீதோ விழுகிறது. தளம் போடச் சொன்னவருக்குத் தம் முடிவின் விளைவு தெரியாமலே போகிறது.

வேர்கள் மிக ஆழத்தில் இருப்பதாகவும், மேலே என்ன செய்தாலும் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவிக் கிடக்கிறது. அவை உயிர்வாழ நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதி அளவு நுண்துளைகளே. அவற்றின் வழியாகத்தான் மழைநீர் இறங்குகிறது, வேர் மூச்சு விடுகிறது. பேவர் பிளாக் பதிப்பதற்காக ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டி இயந்திரத்தால் இறுக்கும்போது அந்தத் துளைகள் அடைபடுகின்றன. செங்கல் லாரி ஒரே இடத்தில் பலமுறை ஏறி இறங்கினாலும் இதே சேதம்தான். கலவை கலந்த இடத்தையும் கருவிகளையும் கழுவிய சிமென்ட் நீர் மரத்தடியில் ஊறினால் மண்ணின் காரத்தன்மை கூடி, இரும்பு போன்ற சத்துகள் வேருக்குக் கிடைக்காமல் இலை வெளிறுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆயினும் ஒரு மூலையில் சேகரிப்புக் குழியைக் காட்டிவிட்டு, மழையைக் குடிக்கக்கூடிய முற்றம் முழுவதையும் மூடிவிடுகிறோம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரில் இது மரத்துக்கு இரட்டைத் தண்டனை.

தெருவில் சாலை மேலே சாலை போட்டு மட்டம் உயர, மழைநீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர்களும் கிராவல் கொட்டி முற்றத்தை உயர்த்துகிறார்கள். அப்போது அடிமரம் வேராக விரியும் பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. தண்டின் பட்டை மண்ணின் ஈரத்துக்குள் இருக்கப் படைக்கப்பட்டதல்ல. அது மெல்ல அழுகி, பின்னர் அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைக்கும்போது உள்ளே நெடுநாளாக அழுகல் நடந்திருக்கும்.

எனக்கு அதிக அச்சம் தருவது காம்பவுண்டு சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டும் பள்ளமே. அடிமர விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கத்துத் தடித்த வேர்களை ஜேசிபி அறுத்துவிட்டால், மரத்தைப் பிடித்து நிறுத்தும் பலமே போய்விடும். மேலே பச்சையாக நிற்பதால் யாருக்கும் ஐயம் வராது. வடகிழக்குப் பருவக்காற்றில் அது சாய்ந்து மதிலையோ வண்டியையோ மனிதரையோ நசுக்கிய பிறகு, இயற்கைச் சீற்றம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் உரிமையாளரை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. விழுந்து பிறருக்குத் தீங்கு செய்யக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ அதற்கு முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்குக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிட, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு வழிசெய்தது. 2024 ஜூலை முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு அதே அதிகாரத்தைத் தருகிறது. வாசலுக்கு வெளியே நிற்கும் புங்கமோ வேம்போ மாநகராட்சியுடையது என்பதும் சமாதானமாகாது. வண்டி ஏற்றச் சாய்தளம் போட்டு மரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசுவது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்தான். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. வளர்ந்த மரத்துக்கு அந்த ஒரு மீட்டரும் மிகக் குறைவு என்பதே என் கருத்து.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதை ஏறத்தாழ நான்கால் பெருக்கினால், அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் காக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 120 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு இது கிட்டத்தட்ட 4.8 மீட்டர். சிறிய மனையில் இவ்வளவும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். கிடைக்கும் மண்ணையாவது திறந்து வைத்து, நடக்கும் வழிக்கு மட்டும் கடப்பைக் கற்களைச் சிமென்ட் இல்லாமல் இடைவெளி விட்டுப் பதிக்கலாம். சுவரை வேர் குறுக்கிடும் இடத்தில் தொடர் அடித்தளமின்றி, தூண் நிறுத்தி அதன்மேல் பீம் போட்டு எழுப்பலாம்.

ஏற்கனவே மூடிவிட்டவர்கள், மரம் இன்னும் உயிருடன் இருந்தால், பருவமழைக்கு முன் செப்டம்பர் வாக்கில் தளத்தை உளியும் சம்மட்டியும் கொண்டு சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். மே மாதத்தில் திறந்தால் வேர் வெயிலில் வெந்துவிடும். பிறகு நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி, அது அடிமரத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக நீர் விட வேண்டும். உரத்தை அள்ளிப் போடவோ பச்சைக் கிளைகளைக் கழிக்கவோ கூடாது. இலைதான் வேரை மீட்டெடுக்க உணவு தருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வேம்பு இலை உதிர்ப்பது இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டுவோர் மேஸ்திரியிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: ஜேசிபி மனைக்குள் வருமுன் மரத்தைச் சுற்றித் தகர வேலி நிற்க வேண்டும், அதற்குள் கலவையோ செங்கலோ இறக்கக் கூடாது, கட்டைவிரலைவிடத் தடித்த வேர் எதிர்ப்பட்டால் வெட்டும் முன் உரிமையாளரைக் கேட்க வேண்டும், மீறினால் எவ்வளவு தொகை பிடிக்கப்படும் என்று.