இசியில் வில்லங்கம் இல்லை, ஆனால் நிலம் அரசுடையது

போன வாரமும் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு மனை, பணி ஓய்வுப் பணத்தில் வாங்கியது. கிரயப் பத்திரம் ஒழுங்காக இருக்கிறது, 30 வருட இசியில் (வில்லங்கச் சான்றில்) ஒரு வில்லங்கமும் இல்லை. பட்டா மாறுதல் மனு மட்டும் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: நகர்ப்புற நில உச்சவரம்பில் அரசு எடுத்த நிலம். நகரத்தில் ஒருவர் இவ்வளவு காலி நிலம்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு வைத்து, உபரியை அரசு எடுத்துக்கொண்ட சட்டம் அது.

"அந்தச் சட்டத்தைத்தான் எப்பவோ ரத்து பண்ணிட்டாங்களே சார்?" என்று கேட்டார் கணவர். புரோக்கர் சொல்லி அனுப்பியது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது.

1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999 ஜூன் 16-ல் ரத்தானது, சரி. ஆனால் அதற்கு முன்பே அரசு சுவாதீனம் எடுத்துவிட்ட, அதாவது நேரில் தன் கைவசம் கொண்டுவந்துவிட்ட உபரி நிலம் அரசுக்கே சொந்தம் என்று ரத்துச் சட்டமே சொல்கிறது. சுவாதீனம் எடுக்காமல் பாதியில் நின்ற நடவடிக்கைகள்தான் அற்றுப்போயின. காகிதத்தில் மட்டும் எடுத்த சுவாதீனம் போதாது என்று 2013-ல் ஹரிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். அது உங்கள் மனைக்கும் பொருந்தும் என்று நிரூபிக்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

அப்புறம் இந்த இசி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். உச்சவரம்பு அறிவிப்பு அரசிதழில் வரும், வருவாய்த் துறைக் கோப்பில் கிடக்கும். பழைய சொந்தக்காரரின் வாரிசுகள் அதே நிலத்துக்குப் பவர் எழுதிக் கொடுத்து, மனை போட்டு விற்றால் அந்தப் பத்திரங்கள் மட்டும் வரிசையாக இசியில் ஏறும். பதிவாகிவிட்டது என்பதாலேயே நிலம் விற்றவருடையது ஆகிவிடாது. வீட்டு வரி ரசீதும் அப்படித்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதி நகர்ப்புற நில உச்சவரம்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். தகவல் உரிமை மனுவும் போடலாம். டவுன் சர்வே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சர்க்கார் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். எழுபதுகளில் ஒரே குடும்பத்திடம் பெரிய பரப்பாக இருந்த நிலம் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கோவை, மதுரை, திருச்சி, சேலம் பக்கம் வாங்குபவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தெரியாமல் வாங்கியவர்களிடம் நில மதிப்பைக் கட்டச் சொல்லி வரன்முறைப்படுத்தும் அரசாணைகள் வந்திருக்கின்றன. உங்கள் கிரயத் தேதி அவற்றுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். விஷயத்தை மறைத்து அடுத்தவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.