பரிசோதனைக் கிளைடருக்கு எல்லை வகுப்பது எப்படி?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்றைப் பார்ப்பவர்களுக்கு, இயந்திரமில்லாத கிளைடரை இங்கே பறக்கவிடலாமே என்று தோன்றக்கூடும். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் கிளைடர் உயரம் குறையாமல் நெடுநேரம் மிதக்கும். ஆனால் அது பரிசோதனை வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அது பறக்கும் இடத்தையும் நேரத்தையும் வேகத்தையும் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை.

பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டு, தரம் குறைந்த விமானம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவில் தயாரான உயர்ரகப் பந்தயக் கிளைடர்கள் பல, அமெரிக்காவில் ‘பரிசோதனை’ வகைப் பறப்புத் தகுதிச் சான்றுடன்தான் பறக்கின்றன. வழக்கமான சான்றுக்குரிய ஆய்வு நடைமுறை அந்த விமானத்துக்கு அந்நாட்டில் நிறைவு பெறவில்லை என்பதே அதன் பொருள். இந்தியாவில் விமானப் பாதுகாப்பை மேற்பார்வையிடுவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்றாலும், கட்டுப்பாடுகளின் உள்நோக்கத்தை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் 91.319 எண்ணுள்ள விதி நல்ல எடுத்துக்காட்டு.

இயல்பான வேகங்கள் அனைத்திலும் விமானம் கட்டுப்பாட்டுக்குள் நிற்கிறது, ஆபத்தான குணம் எதுவும் அதற்கில்லை என்று நிறுவப்படும் வரை, ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே அதனைப் பறக்கவிடக் கூடாது என்கிறது அவ்விதி. சறுக்கு விகிதம் 40 உள்ள கிளைடர், அசைவற்ற காற்றில் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் செல்லும். எதிர்க்காற்றும், மலைக்குப் பின்புறம் கீழிறங்கும் கொந்தளிப்பான காற்றும் அத்தொலைவைப் பெரிதும் குறைத்துவிடும். எனவே ஓடுதளத்துக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவுக்குள் அப்பகுதி அமைவதே பொருத்தம். மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு மேல் பறக்கவும் தனி அனுமதி தேவை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாழும் குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை வீடுகளும் தென்னந்தோப்புகளும் தொடர்ந்து கிடக்கையில், கிளைடருக்கு ஒதுக்கத் தகுந்த பகுதியை வரைபடத்தில் குறிப்பதே கடினம். கணவாய்க்குக் கிழக்கே வெட்டவெளி இருந்தாலும் காற்றாலைகள் வழிமறிக்கின்றன.

வேக வரம்பின் காரணம் இன்னும் நுட்பமானது. காற்றழுத்தத்தைக் கொண்டு வேகத்தைக் காட்டும் கருவி, உயரத்தில் காற்று மெலிவதால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஏறத்தாழ 6000 மீட்டர் உயரத்தில் கருவி மணிக்கு 200 கிலோமீட்டர் காட்டும்போது உண்மை வேகம் 270 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். அதிர்வு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு இறக்கையை முறிக்கும் ‘ஃபிளட்டர்’ என்னும் ஆபத்தோ பெரும்பாலும் உண்மை வேகத்தைச் சார்ந்தது. ஆகையால்தான் கிளைடர்களின் கையேடுகள் உயரம் கூடக்கூட, கருவியில் தாண்டக் கூடாத வேகத்தைக் குறைத்துக் கொடுக்கின்றன.

மற்றவை எளியவை: கட்டணத்துக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது, தனி ஒப்புதல் இல்லையேல் பகலில், கண்ணால் வழி பார்த்தே பறக்க வேண்டும், உடன் வருபவரிடமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடமும் இது பரிசோதனை விமானம் என்று தெரிவிக்க வேண்டும். தாமே கட்டிய விமானத்தில் பின்னர் பெரிய மாற்றம் செய்தவர், ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் சோதனைப் பறப்புகளை மீண்டும் நடத்திக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.