"யாரு கேட்டா, சொல்லாம ஆடிட்டுப் போ"ன்னு சொல்றவங்களுக்கு

திரும்பவும் அதே மாதிரி ஒரு பையன். கிளப்புல ஆடுற ஃபுட்பால் ப்ளேயர், தூக்கமே இல்லைன்னு கவுன்சிலிங் வந்தான், மேட்சுக்கு முந்தின நாள் வாந்தி வேற. தான் ஒரு கே (gay), அதாவது ஆண்கள் மேல ஈர்ப்பு உள்ளவன்னு என்கிட்ட சொல்றதுக்கே ரொம்ப நாள் எடுத்துக்கிட்டான். விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு அவன் அண்ணன், அவர் சொன்ன அட்வைஸ்தான் மேல தலைப்புல இருக்கு.

எத்தனை பேர்தான் இதையே சொல்வீங்க? மறைக்கிறதுன்னா வாய மூடிட்டு இருந்தா போதும்னு நினைக்கிறீங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல கேர்ள்ஃப்ரெண்ட் பேச்சு வந்தா கூட சேர்ந்து சிரிக்கணும், ஏதாவது ஒரு பேரு சொல்லணும், சொன்ன பேர அடுத்த சீசன் வரைக்கும் ஞாபகம் வச்சுக்கணும், வெளியூர் மேட்ச்னா ரூம்மேட் முன்னாடி போன் எடுக்க முடியாது, பெனால்டி விட்டா கேலரியில கே ஆளுங்களைக் கேவலப்படுத்துற ஒரு வார்த்தையைச் சொல்லிக் கத்துவாங்க, கோச் திட்டுறதும் அதே வார்த்தைதான், தெரிஞ்சுதான் சொல்றாரோன்னு ராத்திரி பூரா யோசனை ஓடும். தினம் இவ்ளோ வேலை பாத்துட்டு பந்தையும் பாக்கணும்.

மறைக்காம வெளியே சொன்னவருக்கு என்ன ஆச்சுன்னும் பாருங்க. இங்கிலாந்து ஃபுட்பால் ப்ளேயர் ஜஸ்டின் ஃபஷானு, 10 லட்சம் பவுண்டுக்குப் போன முதல் கறுப்பின ப்ளேயர், 1981ல நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப் வாங்குச்சு. கே பாருக்குப் போறார்னு தெரிஞ்சதும் மேனேஜர் பிரையன் க்ளஃப் ப்ராக்டிஸுக்கே வராதேன்னுட்டார். 1990ல வெளிப்படையா சொன்னப்போ, ஃபுட்பால் ஆடுற சொந்தத் தம்பியே பேப்பர்ல ஒதுக்கிப் பேசினார். 1998ல, 37 வயசுல தற்கொலை. அப்போ அவர் மேல ஒரு பாலியல் புகாரும் இருந்துச்சு, அதனால காரணம் இது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன், எந்தத் தற்கொலைக்கும் அப்படிச் சொல்லக்கூடாது. ஆனா இங்கிலாந்துல ப்ரொஃபெஷனலா ஆடிட்டு இருக்கிறப்பவே அடுத்து ஒரு ஆண் ப்ளேயர் தான் கேன்னு வெளிப்படையா சொன்னது 2022லதான், ப்ளாக்பூல் கிளப் பையன் ஜேக் டேனியல்ஸ். ஜெர்மனிக்கு 52 மேட்ச் ஆடின ஹிட்ஸல்ஸ்பெர்கர்கூட ரிட்டையர் ஆனப்புறம்தான், 2014ல சொன்னார்.

அதுக்காக "தைரியமா சொல்லிடு"ன்னு தள்ளாதீங்க, எப்போ யார்கிட்ட சொல்லணும்ங்கறது அவன் முடிவு. டீம்ல யாரு அப்படின்னு ஊகிச்சு கமெண்ட் போடுறத நிறுத்துங்க. கோச்சுங்களா, அந்த வார்த்தையால திட்டுறத விடுங்க, பசங்க வேற எதுக்கும் இவ்ளோ பயப்படுறதில்ல. பெத்தவங்களே, "மாத்தித் தரேன்"னு சொல்ற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க, அது தொழில்முறைத் தவறுன்னு தேசிய மருத்துவ ஆணையம் (என்எம்சி) 2022லயே சொல்லிடுச்சு, இதுல மாத்த எதுவும் இல்ல.

தம்பி, நீ இதப் படிச்சா, சாகணும்னு தோணுற ராத்திரி 14416க்கு கால் பண்ணு. டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல.