சிதறிய கவனம் எப்படித் திரும்புகிறது?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு சிக்கல். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களில் ரேடார் திரையைக் கவனித்தவர்கள், நேரம் போகப் போகத் திரையில் தெரிந்த புள்ளியையே தவறவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத முகப்பில் ஒரு முள் நொடிக்கு ஒருமுறை நகரும். எப்போதாவது மட்டும் இரண்டு மடங்கு தூரம் தாவும். தாவியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு அவ்வளவுதான் வேலை. முடிவுகளை 1948-இல் வெளியிட்டார். முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தாவலைக் கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கியிருந்தது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது அந்தச் சரிவு காணப்படவில்லை.

ரேடார் திரையைக் கவனித்தவர்கள் கையில் செல்போன் இல்லை. செய்த வேலையின் முக்கியத்துவமும் அவர்களுக்குத் தெரியும். அப்படியும் கவனம் நழுவியது. அதனால்தான், "எனக்கு மட்டும் மனசு நிற்கவே மாட்டேங்குது" என்று நொந்துகொள்ளும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. நழுவுவது மூளையின் இயல்பு.

மூளைத்தண்டில் 'நீலப்புள்ளி' எனப்படும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதிலுள்ள நரம்பணுக்கள் சில பத்தாயிரம்தான். ஆனால் விழிப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மூளையின் பெரும்பகுதிக்கு அங்கிருந்துதான் போகிறது. நீலப்புள்ளியின் அடிப்படை இயக்கம் மிகக் குறைந்தால் தூக்கம் தள்ளும். நடுத்தரமாக இருந்து, தேவையான நேரத்தில் மட்டும் குபீரென்று எழுந்தால் ஒரு வேலையில் ஒன்றியிருப்போம். அடிப்படையே உயர்ந்துவிட்டால் சுற்றியிருக்கும் எல்லாமே கண்ணில் படும், காதில் விழும். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்தும் வரக்கூடிய இடத்தில் வாழும் உயிருக்கு இந்த மூன்றாவது நிலை மிக அவசியம். மறுநாள் தேர்வை நினைத்துப் பதறும் பிள்ளைக்கு அதே நிலைதான் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தைக்கூடப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

சரி, செல்போன் என்ன செய்கிறது? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே முக்கியம். கவனம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் போனுக்கு இடையில் அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தது. அவர்கள் போனைத் தொடவில்லை. ஆனாலும் பிழைகள் கூடின. 'யாராக இருக்கும்' என்ற எண்ணம் எழுந்தாலே போதும், அது மூளையில் இடம் பிடித்துவிடுகிறது. "எடுத்துப் பார்க்கவே இல்லையே" என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரிய பொருளில்லை. போன் அடுத்த அறையில் இருப்பதுதான் நல்லது.

இதன் இன்னொரு முகத்தை மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. இதை அவர் 'கவன எச்சம்' என்றார். எச்சம் கூடக் கூட அடுத்த வேலையின் தரம் குறைகிறது. நாள் முழுக்க ஓடியாடியும் எதுவும் முடிந்தபாடில்லை என்ற களைப்புக்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் நழுவிய கவனம் திரும்பும்போது உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் தியானப் பழக்கம் உள்ள 14 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் வேறெங்கோ போய்விட்டதை உணர்ந்த கணம் பொத்தானை அழுத்த வேண்டும். 2012-இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஒரு சுழற்சி தெரிந்தது. மனம் அலையும்போது, நாம் சும்மா இருக்கையில் வேலை செய்யும் மூளைப் பகுதிகள் இயங்கின. அலைகிறோம் என்று உணரும் கணத்தில் வேறொரு வலையமைப்பு விழித்தது. பிறகு நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி கவனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. 'ஐயோ, மறுபடியும் எங்கேயோ போய்விட்டேன்' என்று தோன்றும் அந்தக் கணத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்போதுதான் மூளை சரியாக வேலை செய்திருக்கிறது! அதற்கு மேல் நம்மை நாமே திட்டிக்கொண்டால் வேலைக்காக மனதில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அந்தக் கவலை பிடித்துக்கொள்ளும்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை ஆடினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் திறமை கூடுகிறது. அவற்றின் பலனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக, இத்தகைய விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம் 2016-இல் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

பயன் தரும் வழி எளிமையானது. அதையும் லெராய்தான் தெரெசா குளோம் என்பவருடன் சேர்ந்து 2018-இல் சோதித்தார். குறுக்கீடு வந்ததும் எழுந்து போவதற்கு முன், எதுவரை வந்திருக்கிறோம், திரும்பி வந்ததும் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் எழுதிவைக்க வேண்டும். அப்படிச் செய்தவர்களிடம் கவன எச்சம் குறைந்தது.

பல விஷயங்களை ஒரே அமர்வில் கவனித்துப் பதில் சொல்லும் நம் அவதானக் கலையை இந்தக் கோணத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு விஷயங்களைக் கவனிக்கும் அவதானம், செய்து காட்டினார். ஒருவர் முதுகில் கல்லெறிவார், எண்ணிக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும், அதையும் எண்ண வேண்டும். ஒருவர் கணக்குக் கேட்பார், இன்னொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். அவதானி எதிர்கொள்ளும் குறுக்கீடுகள் இப்படித்தான் வரும். மனித மூளையால் ஒரு நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் கையில் வைத்திருக்க முடியும். அதனால் நூறும் ஒரே சமயத்தில் நடந்திருக்க வழியில்லை. ஒவ்வொன்றையும் விட்ட இடம் தெரிந்து விட்டுவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வெண்பாவின் ஈற்றடி கையில் இருந்தால், அதற்கு முந்தைய சீர் எப்படி முடிய வேண்டும் என்பது யாப்பு விதிப்படி தானாகவே தெரியும். யாப்பே அடையாளக்குறியாக நிற்கிறது. நமக்கு அந்தப் பயிற்சி இல்லாததால் ஒரு தாளும் பென்சிலும் தேவைப்படுகின்றன. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், நோட்டின் ஓரத்தில் அடுத்த படியை எழுதிவைக்க அரை நிமிடம் கொடுங்கள்.