மூச்சு முட்டாது, அதுதான் ஆபத்து

விமானம் கிளம்பும் முன் நாங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக் காட்டும்போது நிமிர்ந்து பார்ப்பவர்கள் வரிசைக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். பன்னிரண்டு வருடங்களாகக் கேபின் க்ரூவாக இருக்கிறேன். பயணத்தின் நடுவில் அந்த மாஸ்க் விழுந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

அன்று சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். காது அடைத்தது. விமானம் இறங்கும்போது அடைப்பது சகஜம். நேராகப் பறக்கும்போது அப்படி அடைக்கக் கூடாது. கூட வேலை செய்த பெண்ணும் தாடையை அசைத்துக்கொண்டிருந்தாள். இன்டர்காமை எடுப்பதற்குள் தலைக்கு மேலே பட் பட்டென்று மூடிகள் திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கின. தள்ளுவண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு, பக்கத்தில் தொங்கிய மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காலி சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். எங்களுக்குப் பயிற்சியே அப்படித்தான். முதலில் நாங்கள், அப்புறம்தான் பயணிகள்.

எதிர் சீட்டில் ஒரு அப்பா. மகளுக்கு ஐந்து வயது இருக்கும். அவள் தலையைத் திருப்பித் திருப்பி அழ, இவர் மாஸ்க் மாட்டப் போராடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மாஸ்க் இல்லை. என் மாஸ்க்கைத் தட்டி, அவரைக் கைகாட்டினேன். இரண்டாவது முறைதான் புரிந்தது. தனக்கு மாட்டிக்கொண்ட பிறகு, குழந்தைக்கு மாட்ட நான்கைந்து நொடிதான் ஆனது.

பெற்ற மனசு கேட்காதுதான். ஆனால் 35,000 அடியில் கேபின் அழுத்தம் சட்டென்று போனால், தெளிவாகச் செயல்பட நமக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மெதுவாகக் குறைந்தால் நேரம் கூடும், ஆனால் ஏமாந்துபோவோம். மூச்சு முட்ட வைப்பது உடம்பில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு. அது அப்போதும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முட்டாது. லேசாகக் கிறங்கும், சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும், நகம் நீலமாகும்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில் அதுதான் நடந்தது. தரையில் சோதனைக்காக மேனுவலுக்கு மாற்றிய கேபின் அழுத்த சுவிட்ச் மறுபடி ஆட்டோவுக்கு வரவில்லை, அதனால் மேலே ஏற ஏற உள்ளே அழுத்தம் குறைந்தது. எச்சரிக்கை ஒலி வந்தது. புறப்பாட்டுக் கோளாறுக்கும் அதே ஒலிதான் என்பதால் விமானிகள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். தரைப் பொறியாளரிடம் பேசிக்கொண்டிருந்தபடியே நினைவிழந்தார்கள். 121 பேரும் இறந்தார்கள். அனுபவமுள்ள விமானிகளுக்கே தெரியவில்லை என்றால், நமக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மாஸ்க்கை உங்கள் பக்கம் இழுங்கள், இழுத்தால்தான் ஆக்சிஜன் வரும். மூக்கும் வாயும் சேர்ந்து மூட வேண்டும். பலர் வாயை மட்டும் மூடுகிறார்கள். பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும், கழற்றிவிடாதீர்கள். லேசாகக் கருகல் வாடை அடித்தால் தீ என்று பயப்படவும் வேண்டாம். மேலே ஆக்சிஜனை உண்டாக்கும் ரசாயனம் சூடாவதால் வருவது அது. பெரும்பாலான விமானங்களில் ஆக்சிஜன் 12 நிமிடம் போல வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். வேகமாக இறங்குவதால் விழுவது போலத் தோன்றும். அன்று பலர் அலறியதும் அதனால்தான்.

கேப்டன் அறிவித்த பிறகு, ஆக்சிஜன் சிலிண்டரோடு எழுந்து டாய்லெட் கதவைத் தட்டினேன். அங்கேயும் மேலிருந்து மாஸ்க் விழும். உள்ளே ஒருவர் மூடிமேல் உட்கார்ந்திருந்தார். மாஸ்க் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. ஆக்சிஜன் கொடுத்தோம், சில நிமிடத்தில் தெளிந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகலையே, கைதானே கழுவிக்கிட்டிருந்தேன்" என்றார். இறங்கிப் போகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.