தாம்பாளத் தண்ணீரும் பத்து மாடிக் கப்பலும்

ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு இரவில் போகும் கப்பலின் வீடியோவை அனுப்பி, "உள்ளே ஒரு கடைத்தெருவே இருக்கிறது, கீழே லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கார் நுழையும் கதவு வழியாகத் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கப்பலைக் கவிழ்க்க நிறையத் தண்ணீர் தேவையில்லை, கொஞ்சமே போதும் என்பதுதான் பதில். எப்படி என்று பார்ப்போம்.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து உடல் கூடுதலாக முங்கும். மேலே தள்ளும் விசையும் அந்தப் பக்கமே நகர்ந்து கப்பலை நிமிர்த்திவிடும். இது பள்ளிப் பாடம்தான்.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். ஒரு சொம்பில் பாதித் தண்ணீரோடு கூடத்தைக் கடந்துவிடலாம். அதே தண்ணீரை அகலமான தாம்பாளத்தில் ஊற்றி எடுத்துப் போங்கள். கை இம்மி சரிந்தாலும் மொத்தத் தண்ணீரும் சரிந்த பக்கம் ஓடும், ஓடிய எடை இன்னும் சரிக்கும், உடனே இன்னும் கொஞ்சம் ஓடும். நான் செய்து பார்த்தேன். தரையைத் துடைத்தவனும் நான்தான்.

இப்படி வாகனங்களையும் ஏற்றிப் போகும் கப்பலான ஃபெர்ரியின் வாகனத் தளம் அப்படியொரு தாம்பாளம். ஒரு முனையில் ஏறிய லாரி மறுமுனையில் இறங்க வேண்டுமே, குறுக்கே சுவர் எழுப்ப முடியாது. 100 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் கணுக்கால் அளவு, அதாவது 10 சென்டிமீட்டர் தண்ணீரே 240 டன். எனக்குப் பிடித்த இடம் அடுத்தது: சிறிய சாய்வில் இந்தக் கெடுதல் ஆழத்தைப் பொறுத்ததே அல்ல, அகலத்தின் மும்மடியைப் (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. தளத்தை நீளவாக்கில் இரண்டாகத் தடுத்தால் ஒவ்வொரு பாதியிலும் எட்டில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்குதான். ஒரே ஒரு தடுப்பு, முக்கால்வாசி ஆபத்து காலி! ஆனால் ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் நின்றால் கப்பல் அந்தப் பக்கமே சாய்ந்து கிடக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்திலிருந்து முன்கதவு மூடாமல் கிளம்பிய ஒரு ஃபெர்ரி, தளத்தில் நீர் ஏறிய ஒன்றரை நிமிடத்தில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். 1994 செப்டம்பர் 28 பின்னிரவில் எஸ்தோனியா நாட்டின் தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போன 'எஸ்தோனியா' என்ற ஃபெர்ரியில் 852 பேர். ஹெல்மெட் கண்ணாடி மாதிரி மேலே தூக்கும் அதன் முகப்பு மூடியை அலைகள் பிய்த்தெறிந்தன. உள்ளே இருந்த, வாகனங்கள் ஏறும் சாய்தளத்தின் மேல்முனை அந்த மூடிக்குள் பொருந்தியிருந்ததால், மூடி விழும்போது அதையும் இழுத்துத் திறந்துவிட்டது.

நீர்மூழ்கி இடித்தது, குண்டு வெடித்தது என்று அப்புறம் எத்தனையோ கதைகள். மூன்று நாடுகளின் ஆய்வாளர்கள் மறுபடி பார்த்துவிட்டு, அவற்றுக்குத் தடயமே இல்லை என்று 2023-ல் சொன்னார்கள். கதைகள் நிற்கவில்லை. மர்மத்துக்குச் சேரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, தொட்டியில் மாதிரிக் கப்பலை மிதக்கவிட்டுச் சோதிக்கும் ஆய்வகங்களின் பக்கம் திரும்பினால் எனக்குச் சந்தோஷம்.

1996-ல் வட ஐரோப்பிய நாடுகள் ஒரு விதி செய்தன: சேதமான கப்பல், வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை நீர் நின்றாலும் கவிழக் கூடாது. அதற்காகச் சில பழைய கப்பல்களின் பக்கவாட்டில் மிதவை அறைகளை ஒட்டினார்கள். சிலவற்றில் தளத்தின் குறுக்கே கதவுகள் வைத்தார்கள். லாரிகள் ஏறி முடித்ததும் மூடிக்கொள்ளும். அடுத்த வீடியோவில் கடைத்தெருவை விட்டுவிட்டு, கீழே லாரிகளுக்கு நடுவே அப்படிக் கதவு தெரிகிறதா பாருங்கள்.